மேட்ரிக்ஸ் ஸ்விட்சர்: பட்டன் எண் வேறு, சாக்கெட் எண் வேறு

இந்த மாதக் கேள்வி-பதில் பக்கங்கள் முழுவதும் ஆடியோ வீடியோ மேட்ரிக்ஸ் ஸ்விட்சருக்கே. பிளேயர், கேமரா, லேப்டாப் போன்ற பல சோர்ஸ்களில் எதையும் பல திரைகளில் எதற்கும் மாற்றி அனுப்பும் பெட்டி அது; ரூட்டர் என்றும் சொல்வார்கள். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் கல்லூரி அரங்கில் 16-க்கு 16 (16 இன்புட், 16 அவுட்புட்) பிஎன்சி மேட்ரிக்ஸ் இருக்கிறது; பிஎன்சி என்பது திருகிப் பூட்டும் வட்ட சாக்கெட். காம்பொனென்ட் (படம் மூன்று வயரில் பிரிந்து வரும்) பிளேயர் இரண்டு, காம்போசிட் (முழுப் படமும் ஒரே வயரில் வரும்) கேமரா பத்து, எல்லாம் இதே பெட்டிக்குத்தான் வருகின்றன. மூன்று வயருக்கு மூன்று தடவை பட்டன் அழுத்தாமல் ஒரே எண்ணில் மாற்ற வழி உண்டா? (கோவை)

பதில்: உண்டு. விர்ச்சுவல் மேப்பிங் என்ற ஏற்பாடே அதற்காக வந்ததுதான்.

பெட்டிக்குள் 16 இன்புட் கோடுகளும் 16 அவுட்புட் கோடுகளும் சந்திக்கும் 256 கிராஸ்பாயின்ட்கள் இருக்கின்றன. எந்த சாக்கெட்டில் என்ன வருகிறது என்று அவற்றுக்குத் தெரியாது. ஆபரேட்டர் 'இன்புட் 1' என்று அழுத்தினால் எந்தெந்த சாக்கெட்டைச் சேர்த்து நகர்த்த வேண்டும் என்பதைச் சொல்லும் அட்டவணை தனியாக நினைவகத்தில் இருக்கிறது. அழுத்தும் எண் விர்ச்சுவல் எண்; அதற்கு எந்த சாக்கெட் என்று அட்டவணையில் எழுதுவதுதான் மேப்பிங். பெட்டி வந்து இறங்கும்போது அந்த அட்டவணை 1-க்கு 1, 2-க்கு 2 என்றே இருக்கும். அப்படியொரு அட்டவணை இருப்பதே பலருக்குத் தெரியாமல் போவது அதனால்தான்.

கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து நான்கு பத்தி போடுங்கள்: விர்ச்சுவல் எண், பெயர், சாக்கெட் எண்கள், எந்த சாக்கெட்டில் எந்த வயர். உங்கள் கணக்குக்கு இப்படி வரும். சாக்கெட் 1, 2, 3: முதல் பிளேயரின் ஒய் (வெளிச்சமும், படத்தை நிலையாகப் பிடிக்கும் சிங்க் பல்ஸும்), பிபி (நீல வேறுபாடு), பிஆர் (சிவப்பு வேறுபாடு). சாக்கெட் 4, 5, 6 இரண்டாவது பிளேயர், அதே வரிசையில். சாக்கெட் 7 முதல் 16 வரை கேமராக்கள். அவுட்புட் பக்கம் 1, 2, 3 புரொஜெக்டரின் காம்பொனென்ட். 4 முதல் 16 வரை காம்போசிட் மானிட்டர்கள். ஒய், பிபி, பிஆர் என்று தொடங்கினால் கடைசி சாக்கெட் வரை அந்த வரிசை மாறக் கூடாது. மேட்ரிக்ஸ் முதல் வயரை முதல் வயரோடும் இரண்டாவதை இரண்டாவதோடும்தான் கோக்கும். உள்ளே போவது என்ன என்று பார்க்காது.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். பிளேயர்களுக்கு 1, 2, கேமராக்களுக்கு 3 முதல் 12 என்று எல்லாவற்றையும் ஒரே விர்ச்சுவல் மேட்ரிக்ஸில் (அட்டவணையின் ஒரே குழுவில்) போட்டுவிடுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஒருநாள் யாராவது பிளேயரை மானிட்டருக்கு அனுப்புவார். மானிட்டருக்கு ஒரே வயர் என்பதால் ஒய் மட்டும் போகும். படம் கறுப்பு வெள்ளையில் வரும், மானிட்டர் போய்விட்டது என்று கழற்றி வைப்பார்கள். கேமராவைப் புரொஜெக்டருக்கு அனுப்பினாலும் கறுப்பு வெள்ளைதான். கூடவே வண்ணம் அடர்ந்த இடங்களில் எறும்பு ஊர்வதுபோலப் பொடிப் புள்ளி நெளியும். பிஏஎல் (நம் பக்கத்து அனலாக் டிவி முறை) சிக்னலில் வண்ணத்தைச் சுமந்து வரும் 4.43 மெகாஹெர்ட்ஸ் சப்கேரியர் அலை ஒய் இன்புட்டுக்குள் அப்படியே நுழைவதுதான் அந்தப் புள்ளி. மேப்பிங் சிக்னலை மாற்றித் தராது. ஆகவே காம்பொனென்டுக்கு ஒரு விர்ச்சுவல் மேட்ரிக்ஸ் (2 இன்புட், 1 அவுட்புட்), காம்போசிட்டுக்கு இன்னொன்று (10 இன்புட், 13 அவுட்புட்) என்று பிரித்துவிடுங்கள். சேரக் கூடாதவை சேரவே முடியாது.

அட்டவணையை ஏற்றும் மென்பொருள் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஏஎம்எக்ஸ் ஆட்டோபேட்ச் வகைப் பெட்டிகளுக்கு எக்ஸ்என்கனெக்ட். எதுவானாலும் வேலை ஓட்டம் ஒன்றே. பெட்டியில் இப்போது இருக்கும் கான்ஃபிகரேஷனைப் படித்தெடுத்து, தேதி போட்டுத் தனியாகச் சேமியுங்கள். அதன் பிரதியில் மட்டும் கை வையுங்கள். ஏற்றிய பிறகு பவரை அணைத்துப் போட்டு, மறுபடி பெட்டியிலிருந்தே படித்து ஒப்பிடுங்கள். முதல் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் இரவு எங்களுக்கு எழுதுகிறார்கள்.

சோதிக்கும்போது படம் வந்துவிட்டது என்று நிறுத்தாதீர்கள். மனித முகம் உள்ள காட்சியை ஓடவிட்டு ஒவ்வொரு வயராக உருவிப் பாருங்கள். ஒய்யை உருவினால் சிங்க் போய்ப் படமே போக வேண்டும். பிஆரை உருவினால் சிவப்பு செத்துப்போகும். பிபியும் பிஆரும் இடம் மாறியிருந்தால் படம் கூர்மையாகத்தான் இருக்கும், முகம் மட்டும் நீலம் பாரித்திருக்கும். அந்த நிலையில் புரொஜெக்டரின் வண்ண மெனுவைத் திருகிப் பயனில்லை. பின்பக்க வயரைப் பாருங்கள்.

இதே முறையில் கம்ப்யூட்டர் படத்தின் ஆர்ஜிபிஎச்வி ஐந்து வயரையும் (சிவப்பு, பச்சை, நீலம், கிடை சிங்க் எச், நெடு சிங்க் வி) சேர்க்கலாமே என்று தோன்றும். மேப்பிங் ஒத்துக்கொள்ளும், பெட்டிக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு ஒத்துக்கொள்ளாது. காம்போசிட் போர்டு 75 ஓம், 1 வோல்ட் அளவு வீடியோவுக்குச் செய்தது. எச், வி இரண்டும் பெரும்பாலும் டிடிஎல் (டிஜிட்டல் சர்க்யூட்) மட்டத்தில், பல வோல்ட் உயரத்தில் வரும் பல்ஸ்கள். அந்தப் போர்டு அவற்றின் தலையைச் சீவிவிடும், படம் உருளும். கம்ப்யூட்டர் படத்துக்கு வேண்டிய அலைவரிசை அகலமும் அதில் இருக்காது. ஐந்து வயருக்கு அதற்கான போர்டே வேண்டும்.

கேபிள் நீளத்தையும் சொல்லிவிடுகிறோம். கோஆக்ஸில் சிக்னல் ஒரு மீட்டர் ஓட ஏறத்தாழ 5 நானோ விநாடி பிடிக்கும். 1024-க்கு 768, 60 ஹெர்ட்ஸ் படத்தில் பிக்சல் கடிகாரம் 65 மெகாஹெர்ட்ஸ், ஒரு பிக்சல் சுமார் 15 நானோ விநாடி. சிவப்பு வயர் மற்றவற்றைவிட 3 மீட்டர் நீண்டிருந்தால் எழுத்தின் வலப்பக்கம் ஒரு பிக்சல் அகலத்துக்குச் சிவப்பு நிழல் விழும். உங்கள் சாதாரண காம்பொனென்ட் படத்தில் ஒரு பிக்சல் 74 நானோ விநாடி என்பதால் அதே 3 மீட்டர் கண்ணில் படாது. எப்படியானாலும் ஒரு குழுவின் மூன்று வயரையும் ஒரே சுருளிலிருந்து ஒரே அளவில் வெட்டுங்கள்.

கேள்வி: கல்யாண மண்டபத்தில் எல்இடி வாலுக்கு (சுவர் அளவுத் திரை) படத்தை மாற்றும்போதெல்லாம் மிக்ஸர் சத்தம் போய், அந்த லேப்டாப்பின் சத்தம் வந்துவிடுகிறது. நாதஸ்வரம் நடுவில் நின்றுபோகிறது. (கும்பகோணம்)

பதில்: படமும் ஒலியும் ஒரே எண்ணில் கட்டிக் கிடக்கின்றன. அதை அவிழ்ப்பதற்கு பிரேக்அவே என்று பெயர்.

ஆட்டோபேட்ச் பெட்டிகளில் வழக்கமான அமைப்பு இது: விர்ச்சுவல் மேட்ரிக்ஸ் 0 படம், ஒலி இரண்டும், 1 படம் மட்டும், 2 ஒலி மட்டும். 'சி எல் 0 ஐ 5 ஓ 3 டி' என்று அனுப்பினால் ஐந்தாம் இன்புட்டின் படமும் ஒலியும் மூன்றாம் அவுட்புட்டுக்குப் போகும். 0-ஐ 1 ஆக்குங்கள், படம் மட்டும் போகும். எக்ஸ்ட்ரான் பெட்டிகளில் கடைசிக் குறிதான் வேறுபாடு: 5*3! இரண்டுக்கும், 5*3% படத்துக்கு, 5*3$ ஒலிக்கு. ஆக உங்கள் டச் பேனலிலோ ரிமோட்டிலோ எல்இடி வால் பட்டன்கள் எல்லாவற்றையும் படம் மட்டும் என்று மாற்றிவிட்டு, மிக்ஸரை ஒலி அவுட்புட்டுக்கு ஒரு தடவை கட்டி விட்டுவிட்டால் போதும். லேப்டாப்பின் ஒலி வேண்டியபோது அதை மிக்ஸரின் ஒரு சேனலில் வாங்கிக்கொள்ளுங்கள். மண்டபத்தில் ஒலியை மாற்றும் அதிகாரம் மேட்ரிக்ஸிடம் இருக்கவே கூடாது என்பது எங்கள் கட்சி.

பிரேக்அவே செய்த பிறகு, எது எங்கே இணைந்திருக்கிறது என்று விர்ச்சுவல் மேட்ரிக்ஸ் 0-இல் பெட்டியைக் கேட்காதீர்கள். படம் 5-இலும் ஒலி 9-இலும் இருக்கும்போது ஒரே எண்ணாக வரும் பதில் எதையும் சொல்லாது. 1, 2 இரண்டையும் தனித்தனியே கேளுங்கள்.

பெட்டி எச்டிஎம்ஐ மட்டும் உள்ளதானால் ஒலி படத்துக்குள்ளேயே பொதிந்து வருகிறது. அட்டவணையில் என்ன எழுதினாலும் பிரியாது. ஒலியைப் பிரித்தெடுக்கும் வசதி பெட்டியில் இருக்க வேண்டும், இல்லையென்றால் வெளியே ஆடியோ எக்ஸ்ட்ராக்டர் வைக்க வேண்டும்.

மிக்ஸரிலிருந்து மோனோ ஒரே வயர் வருகிறதா? அந்த ஒரே சாக்கெட்டை இடது, வலது இரண்டுக்கும் மேப் செய்யலாம். ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஒய் வடிவக் கேபிள் வேண்டாம். ஒலி வயரைத் திருகால் இறுக்கும் பச்சை ஃபீனிக்ஸ் கனெக்டரில் பிளஸ், மைனஸ், கிரவுண்ட் மூன்று இருக்கும். அன்பேலன்ஸ்டாக (சிக்னல், கிரவுண்ட் என்று இரண்டே கம்பியில்) மாட்டும்போது இன்புட்டில் மைனஸையும் கிரவுண்டையும் சேர்க்க வேண்டும். அவுட்புட்டில் மைனஸைச் சும்மா விட வேண்டும். அங்கேயும் பழக்கதோஷத்தில் கிரவுண்டோடு முறுக்கினால் அவுட்புட் சர்க்யூட்டின் ஒரு பாதி ஷார்ட்டாகிச் சூடேறும்.

கேள்வி: ஏழாம் இன்புட் சாக்கெட் பழுது. 15 காலியாக இருக்கிறது. டச் பேனல் புரோகிராமை எழுதியவரைப் பிடிக்க முடியவில்லை. பேனலைத் தொடாமல் சமாளிக்கலாமா? (திருச்சி)

பதில்: தாராளமாக. கேபிளை 15-க்கு மாற்றுங்கள், விர்ச்சுவல் 7-ஐ சாக்கெட் 15-க்கு மேப் செய்யுங்கள். பேனல் இன்னும் 7 என்றுதான் சொல்லும், பெட்டி 15-ஐ எடுத்துக் கொடுக்கும். விர்ச்சுவல் 15 இருந்தால் அதை நீக்குங்கள் அல்லது பழுதான 7-க்குத் திருப்பிவிடுங்கள். அப்படியே விட்டால் ஒரே சாக்கெட்டுக்கு இரண்டு எண்; கெடுதல் இல்லை, குழப்பம் உண்டு.

எச்டிஎம்ஐ பெட்டியில் கூடுதலாக ஒன்று. எண்தான் இடம் மாறியது; இடிஐடி மாறவில்லை. எந்தெந்த ரெசல்யூஷனை ஏற்பேன் என்று லேப்டாப்புக்குச் சொல்லும் அந்தச் சிறு தரவு சாக்கெட்டோடு ஒட்டியது. பழைய 7-இல் 1920-க்கு 1080 என்று வைத்திருந்து, 15-இல் யாரும் எதையும் வைக்காமல் இருந்தால், லேப்டாப் தன் இஷ்டத்துக்கு வேறு அளவில் அனுப்பும். எல்இடி வாலில் ஓரம் வெட்டுப்படும், இல்லை கறுப்பாக நிற்கும். எச்டிசிபி (நகலெடுக்க விடாத பூட்டு) அனுமதியும் அப்படியே. சாக்கெட் 7-இல் எச்டிசிபி அணைத்து வைத்திருந்து 15-இல் திறந்திருந்தால், மேக்புக் வகை லேப்டாப் கண்டதையெல்லாம் பூட்டி அனுப்பும். திரையில் படம் வரும், ரெக்கார்டரில் வராது. மேப்பிங்கோடு இந்த இரண்டு அமைப்பையும் 15-க்கு நகல் எடுங்கள்.

பிறகு ப்ரீசெட்கள், அதாவது ஒரே பட்டனில் அழைக்கச் சேமித்து வைத்த இணைப்புத் தொகுப்புகள். ப்ரீசெட்டை விர்ச்சுவல் எண்ணில் சேமிக்கும் பெட்டியும் உண்டு, சாக்கெட் எண்ணில் சேமிக்கும் பெட்டியும் உண்டு. ஒவ்வொன்றையும் அழைத்துப் பார்த்து, தவறானதைத் திருத்தி மறுபடி சேமித்துவிடுங்கள். ரேக்கின் பின்பக்கம் 15-க்கு மேல் '7' என்று ஸ்டிக்கர், பழுதான சாக்கெட்டில் மூடி. இரண்டு ரூபாய் ஸ்டிக்கர் ஒட்டாததால், அடுத்து வருபவர் 'ஏழில்தானே இருக்க வேண்டும்' என்று கேபிளை நல்லெண்ணத்தோடு திரும்ப மாட்டிவிடுவார்.

கேள்வி: 4கே படத்தை நான்கு 3ஜி எஸ்டிஐ (ஸ்டுடியோ டிஜிட்டல் வீடியோ) கேபிளில் கொண்டுவந்து ரூட்டரில் ஒரே எண்ணாக மாற்றுகிறோம். மாற்றும் கணத்தில் படம் துண்டு துண்டாகத் தெரிகிறது. சில சமயம் மாறிய பிறகும் முழுப் படத்திலும் பல் பல்லாக இருக்கிறது. (சென்னை)

பதில்: இரண்டும் வெவ்வேறு கோளாறு.

முதலாவது நேரம். நான்கு இணைப்பும் ஒரே ஃபிரேமில் மாற வேண்டும். உங்கள் கன்ட்ரோலர் நான்கு கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புகிறதா என்று பாருங்கள். 9600 பாட் வேகத்தில் ஓடும் சீரியல் கட்டுப்பாட்டு வயரில் ஓர் எழுத்துக்கு ஒரு மில்லி விநாடிக்குச் சற்று அதிகம்; இருபது எழுத்துக் கட்டளைக்கு 21 மில்லி விநாடி. 50 ஃபிரேம் படத்தில் ஒரு ஃபிரேமே 20 மில்லி விநாடிதான். அப்போது முதல் கேபிளுக்கும் நான்காவதுக்கும் இடையே மூன்று ஃபிரேம் இடைவெளி விழுந்துவிடுகிறது, அந்தத் துண்டு துண்டு அதுதான். குழு சேர்ப்பது கன்ட்ரோலரில் இருக்கக் கூடாது, ரூட்டருக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் நான்கையும் ஒரே தொகுப்பாக ஏற்று, ஒரே 'டேக்'கில் ('இப்போது மாற்று' என்ற உத்தரவில்) மாற்றும் கட்டளை வேண்டும். ரூட்டருக்கு ரெஃபரன்ஸ் சிக்னல் (எல்லாக் கருவியும் ஒரே தாளத்தில் ஓடுவதற்கான பொதுக் கடிகாரம்) கொடுத்திருக்கிறீர்களா? 1080 வரிப் படத்துக்கு மாற்றும் இடம் ஏழாம் வரி என்று எஸ்எம்பிடிஇ ஆர்பி 168 என்ற தொழில்நுட்பத் தர ஆவணம் சொல்கிறது. ரெஃபரன்ஸ் இல்லாத ரூட்டருக்கு ஏழாம் வரி எப்போது வருகிறதென்று தெரியாது, சோர்ஸ்களும் ஒன்றோடொன்று பூட்டியிருக்காது.

இரண்டாவது வரிசை. நான்கு கேபிளில் 4கே அனுப்ப இரண்டு முறை உண்டு. ஸ்கொயர் டிவிஷனில் படத்தை நான்கு கட்டமாக வெட்டிக் கட்டத்துக்கொரு கேபிள். 2எஸ்ஐயில் இரண்டிரண்டு பிக்சலாகப் பகிர்ந்து கொடுப்பார்கள்; ஒவ்வொரு கேபிளிலும் முழுக் காட்சியும் கால்பங்கு தெளிவில் இருக்கும். எது என்று அறிய ஏதாவது ஒரு கேபிளைச் சாதாரண எச்டி மானிட்டரில் சொருகுங்கள்: முழுக் காட்சி தெரிந்தால் 2எஸ்ஐ, மூலை மட்டும் தெரிந்தால் ஸ்கொயர். ஸ்கொயரில் இரண்டு கேபிள் இடம் மாறினால் கட்டங்கள் இடம் மாறும், யாருக்கும் தெரியும். 2எஸ்ஐயில் மாறினால் படம் சரியாக இருப்பதுபோலவே இருந்து, சாய்ந்த கோடுகளிலும் எழுத்து விளிம்பிலும் ரம்பப் பல் விழும். நீங்கள் சொல்வது இதுதான். அந்தப் பல் சில சோர்ஸில் மட்டும் வந்தால் தவறு அந்த இன்புட் குழுவில். எல்லா சோர்ஸிலும் வந்தால் அவுட்புட் குழுவில். அட்டவணையை நம்பாமல், மானிட்டரை வைத்துக் கேபிள் 1, 2, 3, 4 என்று கண்ணால் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

புதிதாக வாங்குவதானால் 12ஜி ரூட்டர் வாங்கி ஒரே கேபிளில் முடித்துக்கொள்ளுங்கள். 11.88 கிகாபிட் ஓடும் கேபிள் என்பதால் கேபிளிலும் பிஎன்சியிலும் மட்டும் கஞ்சத்தனம் ஆகாது.

கேள்வி: ரூட்டரைக் கட்டுப்படுத்தச் சின்ன புரோகிராம் எழுதினேன். ஐந்தாம் சோர்ஸை மூன்றாம் அவுட்புட்டுக்கு அனுப்பினால் வேறெங்கோ போகிறது. (யாழ்ப்பாணம்)

பதில்: என்ன பெட்டி என்று நீங்கள் எழுதவில்லை. பிளாக்மேஜிக் வீடியோஹப் என்றால் காரணம் இரண்டு. அது பூஜ்யத்திலிருந்து எண்ணும். அவுட்புட்டை முதலில், சோர்ஸைப் பிறகு எழுதும். டிசிபி போர்ட் 9990-இல் 'வீடியோ அவுட்புட் ரூட்டிங்:' என்ற தலைப்பு வரிக்குக் கீழே நீங்கள் அனுப்ப வேண்டியது 2 4. அதன்பின் கட்டாயம் ஒரு வெற்று வரி. அது இல்லாவிட்டால் பெட்டி இன்னும் ஏதோ வரும் என்று காத்துக்கொண்டே இருக்கும். 5 3 என்று அனுப்பினால் நாலாம் சோர்ஸ் ஆறாம் அவுட்புட்டுக்குப் போகும். எக்ஸ்ட்ரானில் எதிர்மாறு: ஒன்றிலிருந்து எண்ணும், இன்புட் முதலில். ஒளிபரப்பு நிலையங்களில் ஓடும் எஸ்டபிள்யூ-பி-08 நெறிமுறையும் பூஜ்யக் கட்சிதான். அதில் மேட்ரிக்ஸ் எண்ணும் லெவல் (படம், ஒலி போன்ற அடுக்கு) எண்ணும் வேறு தர வேண்டும்.

திரையில் எப்போதும் ஒன்றிலிருந்தே காட்டுங்கள். ஒன்றைக் கழிப்பது பெட்டிக்கு அனுப்பும் அந்த ஒரே ஃபங்ஷனில் மட்டும் நடக்கட்டும். இரண்டு இடத்தில் கழித்துவிட்டு இரண்டு நாள் தேடுவது இந்தத் தொழிலில் சகஜம்.

கேள்வி: இரண்டு 16-க்கு 16 பெட்டிகளை நான்கு கேபிளால் இணைத்து 32-க்கு 32 போல ஓட்டுகிறோம். சில நேரம் கட்டளை ஏற்கவில்லை. (மதுரை)

பதில்: அந்த நான்கு கேபிளும் டை-லைன். முதல் பெட்டியின் சோர்ஸ்களில் ஒரே நேரத்தில் நான்கு மட்டுமே இரண்டாம் பெட்டிக்குப் போக முடியும். ஐந்தாவதுக்குப் பாதை இல்லை. ஒரே சோர்ஸ் இரண்டாம் பெட்டியில் பத்து மானிட்டருக்குப் போனாலும் ஒரே டை-லைன் போதும், கன்ட்ரோலர் அதைப் புரிந்துகொண்டு ஏற்கெனவே அந்த சோர்ஸ் ஓடும் லைனையே எடுக்க வேண்டும். பழைய கன்ட்ரோலர்கள் சில, மானிட்டருக்கொரு லைன் என்று நான்கையும் தின்றுவிடும். பயன் முடிந்த லைனை விடுவிக்கிறதா என்பதையும் பாருங்கள். இந்த நான்கு லைன்களுக்கான சாக்கெட்டுகளை ஆபரேட்டர் கண்ணிலிருந்து மறைத்துவிடுங்கள், விர்ச்சுவல் எண்ணே கொடுக்காதீர்கள். நிஜமான 32-க்கு 32 வேண்டுமென்றால் 1024 கிராஸ்பாயின்ட். உங்களிடம் உள்ளதைப் போன்ற பெட்டி நான்கும், இன்புட்டைப் பிரிக்கும் டிஸ்ட்ரிபியூஷன் ஆம்ப்ளிஃபயர்களும், அவுட்புட் பக்கம் தேர்ந்தெடுக்க இன்னொரு அடுக்கும் வேண்டும். அந்தச் செலவுக்கு ஒரே பெரிய பெட்டி வாங்கிவிடலாம்.

கேள்வி: ஒரே சாக்கெட்டை இரண்டு விர்ச்சுவல் எண்ணில் வைக்கலாமா? (சேலம்)

பதில்: இன்புட் என்றால் வைக்கலாம். அவுட்புட் என்றால் கூடாது. ஒரு அவுட்புட் ஒரு நேரத்தில் ஒரு சோர்ஸைத்தான் காட்டும். இரண்டு எண்ணும் சண்டை போட்டு, கடைசியாக வந்த கட்டளை ஜெயிக்கும்.

கேள்வி: நான்கு எச்டிஎம்ஐ அவுட்புட்டை ஒரே விர்ச்சுவல் அவுட்புட்டாகச் சேர்த்தால் நான்கு டிவியிலும் ஒரே பெரிய படமாக விரியுமா? (ஈரோடு)

பதில்: விரியாது. நான்கு டிவியிலும் அதே முழுப் படம் வரும். வெட்டி விரிக்க வீடியோ வால் பிராசஸர் வேண்டும்.